பத்து விரல்களுக்கு ஓய்வு

விசா அலுவலகத்தில், கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி கைரேகைக் கருவியின் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இன்னொரு முறை வைக்கச் சொல்லுங்கள். நன்றாக அழுத்தி" என்றார் என்னிடம்.

நான் தமிழில் சொன்னேன். ரசமட்டம் அண்ணன் வலது கையின் நான்கு விரல்களையும் சேர்த்துக் கண்ணாடியின்மேல் வைத்து, ஒட்டிய கல் நகராமல் பிடித்துக்கொள்வதைப் போல அழுத்தினார். அதிகாரியின் திரையில் நான்கு சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தன. ஒரு கோடுகூட இல்லை.

"தங்கச்சி, நான் ஏதாவது தப்பா வைக்கிறேனா?"

"இல்லண்ணே. ரேகை விழ மாட்டேங்குது."

"விழலைன்னா? அது எங்க போச்சு?"

ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தோம். கழிவறைக்குப் போய் வெந்நீரில் கையை வைத்திருந்துவிட்டு வரச் சொன்னார் அதிகாரி, அண்ணன் போய் வந்தார். இடது கையை வைத்துப் பார்த்தோம். எங்களுக்குப் பின்னால் டோக்கனோடு நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள்.

"இவருக்கு என்ன வேலை?"

"தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்."

"ஓ" என்றார் அதிகாரி. அந்த 'ஓ'வில் எரிச்சல் இல்லை. இப்படிப்பட்ட கைகளை அவர் முன்பே பார்த்திருக்க வேண்டும். கணினியில் எதையோ தேடிவிட்டு, இப்போதைய விசா முடிவதற்குச் சற்று முன்பாக ஒரு நாள் காலியாக இருப்பதாகவும், அதை விட்டால் தன்னிடம் வேறு நாள் இல்லை என்றும் சொன்னார். கைரேகை இல்லாமல் நீட்டிப்பு கிடையாது. "அதுவரை இந்தக் கைகளுக்கு வேலை கொடுக்க வேண்டாம். தோல் தானாக வளர்ந்துவிடும்."

சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். அண்ணன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைக்கு வேலை குடுக்காம வேற எதுக்குக் குடுக்கிறதாம்? கேட்டுச் சொல்லு."

நான் கேட்கவில்லை.

கட்டுமான நிறுவனம் ஒன்றில் அலுவலக வேலை எனக்கு. ஆட்களின் விசா, தங்கும் அறை, மருத்துவச் சீட்டு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இந்த ஊர் மொழியும் தமிழும் தெரிந்தவள் என்பதால் அலுவலகங்களுக்கு அவர்களோடு போவதும் நான்தான். அப்படிப் பலரோடு போயிருக்கிறேன். விரல் ரேகை காணாமல் போன ஆளோடு போனது அதுவே முதல் தடவை.

ரசமட்டம் என்பது கொத்தனார்கள் தரை மட்டம் பார்க்கும் கருவி. குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி. அண்ணனுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், அவர் அதைத் தொடுவதே இல்லை என்பதுதான். கல்லை வைப்பார், ரப்பர் சுத்தியால் தட்டுவார், பிறகு இரண்டு கல் சேரும் இடத்தில் விரல் நுனியை ஒருமுறை ஓட்டுவார். ஒரு கல் மற்றதைவிட மயிரிழை உயர்ந்திருந்தாலும் கையில் தெரிந்துவிடும். எடுத்து மறுபடி வைப்பார். சந்து அடைக்கிற கலவையையும் விரலால்தான் வழிப்பார். நிறுவனம் கொடுக்கும் கையுறைகள் அவருடைய ஆணியில் விலைச்சீட்டுக் கிழியாமல் தொங்கும். "அதைப் போட்டா, சட்டையைப் போட்டுக்கிட்டே குளிக்கிற மாதிரி இருக்கு" என்பார்.

இப்படி எத்தனையோ ஆண்டுகள் சிமென்டிலும் கலவையிலும் ஓடிய விரல்கள். ரேகை தேய்ந்ததில் வியப்பில்லை. அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் வியப்பு. தன் கை எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மற்றபடி, அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஊரில் மணல் சுமந்த காலத்தில் தொடங்கி, ஒரு நல்ல கொத்தனாரிடம் சேர்ந்து, பிறகு இங்கே வந்தவர். இந்த நகரத்தில் அவர் வழி சொல்வதே தனி. "பெரிய மருந்துக்கடை இருக்குல்ல, என் நீலக் கல்லு... அதுக்கு எதுத்தாப்புல ஒரு வங்கி, அது என் கல்லு இல்ல, எவனோ அவசரத்துல ஒட்டினது, அதுக்குப் பக்கத்துச் சந்து" என்று போகும். அவரோடு ஒரே அறையில் இருக்கும் டிரைவர், அவரைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவதை நிறுத்தியே விட்டார். "இவனோட போனா நாலு தக்காளி வாங்கறதுக்குள்ள விடிஞ்சிடும். எல்லாரும் கடையப் பாப்பான், இவன் தரையத் தட்டிப் பாப்பான்."

அந்த அறையில் மூன்று பேர். மூன்றாமவர் பெயின்டர். டிரைவர்தான் வயதில் பெரியவர் என்பதால் அறைக்கு அதிகாரியும் அவரே.

முதல் தடவை தோற்றுப் போய் வந்த அன்று மாலை, மறுநாளைய ஏற்பாட்டைச் சொல்ல அந்த அறைக்குப் போயிருந்தேன். அண்ணன் மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்த அக்கா ஊரில் மாவு மில் நடத்துகிறார். எங்கள் எல்லோருக்கும் மில்லக்கா. மில் ஓடும்போதே பேசுவார் என்பதால் இரண்டு பக்கமும் கத்த வேண்டும். அவர்கள் குடும்ப விஷயம் எதுவும் அந்த அறையில் ரகசியம் இல்லை.

"ரேகை! ரேகை! என் கையில ரேகை இல்லையாம்!"

"ரேகை இல்லாம எப்படிங்க இருக்கும்? கல்யாணத்தப்ப கையப் பிடிச்சீங்களே, அப்ப இருந்துச்சே!"

"அப்ப நீ பாத்தியா?"

"எங்க பாத்தேன்? தலையவே நிமித்தல."

டிரைவர் கட்டிலில் விழுந்து சிரித்தார். மில்லக்கா சிரிக்கவில்லை.

"இங்க பாருங்க. அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் பெட்டி வாங்கிட்டேன். பெட்டிக்குப் பூட்டும் வாங்கிட்டேன். பிள்ளைக்கு லீவு விட்டிருக்கிற இந்த ஒரு தடவைதான் மில்ல அவ பாத்துக்குவா. அடுத்த வருசம் அவ காலேஜுக்குப் போயிட்டா, நான் மில்ல யார் தலையில கட்டிட்டு வர்றது?"

இதுதான் விஷயம். மனைவி ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்பது அண்ணனுக்குப் பல வருட ஆசை. அவருடைய விசா நீட்டிக்கப்பட்டால்தான் அவர் பெயரில் மனைவிக்குப் பார்வையாளர் விசா கேட்க முடியும். அந்தக் காகிதங்களை எல்லாம் நான் தயாராக எடுத்து வைத்திருந்தேன். கைரேகை மட்டும்தான் பாக்கி. அது கிடைக்காவிட்டால் மில்லக்கா வருவது இருக்கட்டும், இவரே ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

போனை வைத்துவிட்டு அண்ணன் சொன்னார்: "ஊருக்குப் போறப்ப எல்லாம் கேப்பா, 'அப்படி என்னதான் ஒட்டுறீங்க, பத்துப் பதினஞ்சு வருசமா'ன்னு. போட்டோ காட்டுவேன். 'தரை'ம்பா. அவ்வளவுதான். போட்டோல என்னா தெரியும், தங்கச்சி?"

டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். "டேய், இன்னையிலேருந்து நீ கலெக்டரு. ஒரு துரும்பக்கூட நகத்தக் கூடாது. சோப்பு, உப்பு, மிளகாய், எதுலயும் கை வைக்கக் கூடாது. சமையல் நான். துணி அவன்" என்று பெயின்டரைக் காட்டினார்.

"துணி மட்டுமில்ல, மச்சானோட கையே என் பொறுப்பு" என்றார் பெயின்டர். "ஒரு பரப்ப எப்படித் தயார் பண்ணணும்னு எனக்குத் தெரியாதா?"

அப்போதே நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மருந்துக்கடையில் ஒரு களிம்பும் வெள்ளைப் பருத்திக் கையுறையும் வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் அந்தக் கையுறையோடு கரண்டியால் சாப்பிடக் கற்றுக்கொண்டார். கொத்துக் கரண்டியை அவ்வளவு லாவகமாகப் பிடிக்கிறவருக்குச் சோற்றுக் கரண்டி பிடிபடவில்லை.

"வாய்க்குப் போறதவிடத் தரைக்குப் போறது ஜாஸ்தியா இருக்கு" என்றார் டிரைவர். "தரை மேல உனக்கு எப்பவும் ஒரு பாசம்."

"நீ ஒழுங்கா வேக வெச்சிருந்தா அது கரண்டியில நிக்கும்."

"கலெக்டருக்கு வாயி மட்டும் வேலை செய்யுது பாரு."

வேலையிடத்தில் பாடு பெரிதாக இருந்தது. புதுப் பேருந்து நிலையத்தின் காத்திருப்புக் கூடத்துக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய கூடம், வெளிர்ச் சாம்பல் கல். முடிக்க வேண்டிய தேதி நெருங்கியிருந்ததால் மேஸ்திரி விடுப்புக் கொடுக்கவில்லை. "நீ கையால ஒண்ணும் செய்ய வேண்டாம்யா. வாயால சொல்லு, மத்தவன் ஒட்டட்டும்" என்றார்.

கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் வெள்ளைக் கையுறையோடு உட்கார்ந்து, அண்ணன் வாயால் வேலை செய்தார். முதல் நாள் மாலை போய்ப் பார்த்தபோது முகம் வாடிப்போயிருந்தது. மற்றவர்கள் ஒட்டியது சரியா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் நிற்கிறது. அவர் அதை நம்பவில்லை. கையுறையோடு தடவினால் பருத்திதான் தெரிகிறது.

மறுநாள் மேஸ்திரி எனக்குப் போன் செய்தார். "அம்மா, உங்க அண்ணன் தரையில குப்புறப் படுத்திருந்தாரு. மயக்கமோன்னு பதறித் தண்ணியோட ஓடினா, கன்னத்தத் தரையில வெச்சு மட்டம் பாக்கறாராம். கன்னத்துல தாடி இருக்குது, ஒண்ணும் தெரியலைன்னு என்கிட்ட குறை வேற சொல்றாரு."

அதற்கடுத்த நாள் அவர் பாதத்தைக் கண்டுபிடித்தார். பூட்ஸைக் கழற்றி, வெறுங்காலை இரண்டு கல் சேரும் இடத்தில் வைத்து மெல்ல இழுத்தால், விரலில் தெரிவதில் முக்கால்வாசி தெரிகிறதாம். பாதுகாப்பு அலுவலருக்கு இது பிடிக்கவில்லை. வேலையிடத்தில் வெறுங்கால் கூடவே கூடாது. என்னை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் வாதாடினார்கள்.

"இவர் கால்களுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்றார் அலுவலர்.

"காலுக்கு ரேகை கேக்க மாட்டாங்கன்னு சொல்லு தங்கச்சி."

அதை நான் வேறு விதமாகச் சொன்னேன். கடைசியில், மதிய இடைவேளையில் ஆட்கள் வெளியே போன பிறகு, கூடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு அவர் மட்டும் நடந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. தினமும் மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, கொக்கு போல ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து அவர் கூடத்தைச் சுற்றி வருவார். இடையிடையே நின்று சாக்கட்டியால் ஒரு கல்லில் பெருக்கல் குறி போடுவார். சாப்பிட்டுவிட்டு வருகிற ஆட்கள் அந்தக் குறிகளைப் பார்த்து முனகிக்கொண்டே கல்லைப் பெயர்ப்பார்கள்.

அந்த வார இறுதியில், களிம்பு தீர்ந்திருக்கும் என்று இன்னொரு குழாய் வாங்கிக்கொண்டு அவர்கள் அறைக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே முக்காலியில் பெயின்டர். அண்ணனின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு எதையோ வைத்து மிகுந்த கவனத்தோடு தேய்த்துக்கொண்டிருந்தார். சரக், சரக் என்று சத்தம்.

அவர் கையில் இருந்தது உப்புத்தாள். சுவரைத் தேய்க்கும் உப்புத்தாள்.

"என்னண்ணே பண்றீங்க?"

"தோலு பொறுக்குப் பொறுக்கா நின்னுச்சு, தங்கச்சி. களிம்பு பிடிக்கவே இல்ல. எந்தச் சுவரா இருந்தாலும் பட்டி பாக்கறதுக்கு முன்னாடி தேய்ச்சு வழுவழுன்னு ஆக்கிக்கணும். இல்லேன்னா மேல போடறது நிக்காது." பெயின்டர் அண்ணனின் விரலைத் தூக்கிக் காட்டினார். "இப்பப் பாரு, கண்ணாடி மாதிரி."

கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. அதுதான் சிக்கல்.

"அண்ணே, அந்தப் பொறுக்குதான் ரேகையா வளரப் போறது" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அண்ணன் விரல்களைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பெயின்டர் உப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், மறுபடி எடுத்தார், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை விரலு முடிச்சே?" என்று கேட்டார் டிரைவர், சமையல் மூலையிலிருந்து.

"வலது கை பூரா. இடதுல ஆள்காட்டி வரைக்கும்."

"அடப்பாவி. வேலையில இப்படி ஒருநாளும் வேகம் பாத்ததில்லையே!"

"நான் நல்லதுக்குத்தானே..." பெயின்டர் உப்புத்தாளை முக்காலிக்கு அடியில் தள்ளினார். "மில்லக்கா வர முடியாமப் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு..."

அண்ணன் அவர் தோளில் தட்டினார். கையுறை இல்லாததால் புறங்கையால். "விடுடா. உன் புத்திக்குச் சுவரு, என் புத்திக்குத் தரை. நானும்தானே கைய நீட்டிட்டு உக்காந்திருந்தேன்? எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு."

அவர் கோபப்பட்டிருக்கலாம். அவர் இடத்தில் நான் இருந்தால் பட்டிருப்பேன். அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இதை மில்லக்காவிடம் யாரும் உளறக் கூடாது.

பெயின்டர் தனக்குத் தானே தண்டனை விதித்துக்கொண்டார். அதன் பிறகு அண்ணனைத் தண்ணீர்க் குழாயைக்கூடத் தொட விடவில்லை. காலையில் பல் விளக்கப் பிரஷ்ஷில் பசை பிதுக்கிக் கொடுத்தார். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார். பூட்ஸ் கயிறு கட்டிவிட்டார். களிம்பைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வைத்தார். "என் பொண்டாட்டி ஒரு தடவ வந்து பாக்கட்டும்னு கேட்டா, நீங்க வேற ஒண்ணு ஏற்பாடு பண்ணிட்டீங்களே" என்று அண்ணன் அலுத்துக்கொள்வார். உள்ளூர அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது என்று டிரைவர் என்னிடம் சொன்னார். பல வருடங்களாக யாரும் அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டதில்லை.

குறித்த நாளில் மூவரும் வந்தார்கள். டிரைவர் வண்டி ஓட்ட, பெயின்டர் கதவு திறக்க. அண்ணனின் கைகள் கையுறைக்குள், மடிமேல் இருந்தன. விசா அலுவலகக் கதவருகே பெயின்டர் கையுறைகளை ஒவ்வொரு விரலாகப் பிடித்துக் கழற்றினார். உள்ளே இருந்த விரல்கள் இளஞ்சிவப்பாக, அவருடையவை அல்ல போல இருந்தன.

அதே அதிகாரி. எங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஓய்வு எடுத்தாரா?"

"எடுத்தார்" என்றேன். உப்புத்தாளைப் பற்றிச் சொல்லவில்லை.

முதலில் இடது கை. திரையில் சாம்பல் திட்டுகள். பிறகு, தண்ணீர் வற்றிய மணலில் தெரிவதைப் போல, சில கோடுகள். சுண்டு விரலில் தெளிவாக, மோதிர விரலில் ஓரளவு, நடுவிரலில் பாதி. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே ஏதோ பொத்தானை அழுத்தினார். அண்ணன் என்னைப் பார்த்தார். விழுந்ததா இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை.

வலது கை. ஆள்காட்டி விரல் விழவே இல்லை. மறுபடி. மறுபடி. அதிகாரி எழுந்து கவுண்டருக்கு மேல் எட்டி, அவருடைய விரலைத் தானே பிடித்து, நுனியை விட்டுவிட்டுச் சற்றுக் கீழ்ப்பகுதி படும்படி சாய்த்து வைத்தார். "மெதுவாக. அழுத்தச் சொல்லாதீர்கள். சும்மா வைத்தால் போதும்."

"அழுத்தாம சும்மா வைங்கண்ணே."

"சும்மாவா?"

"ஆமா. ஒட்டாதீங்க."

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு சும்மா வைத்தார். திரையில் வளைவு வளைவாக, மெலிதாக, ஒரு ரேகை வந்தது. கட்டை விரல் அதைவிட நன்றாக வந்தது. இடது ஆள்காட்டி கடைசி வரை வரவில்லை. அதற்கு எதிரே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு, இவ்வளவு போதும் என்றார் அதிகாரி. புதிய விசா அட்டை ஒரு வாரத்தில் தபாலில் வரும்.

"என்ன சொன்னாங்க?"

"முடிஞ்சிருச்சாம்ணே. நீட்டிச்சாச்சு."

அவர் அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, அது போதாது என்று நினைத்தவர் போல, "அவங்க கால்கிட்ட ஒரு கல்லு தூக்கிட்டு நிக்குது, நாற்காலிச் சக்கரம் தடுக்குது. ஒரு நாள் வந்து சரி பண்ணித் தரேன்னு சொல்லு" என்றார். சொன்னேன். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

வெளியே வந்ததும் போன் போட்டார். மில் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"கெடைச்சிருச்சு!"

"என்னது?"

"ரேகை! விசா! ரெண்டும்!"

மில் நின்றது. மோட்டாரை நிறுத்திவிட்டு மில்லக்கா பேசி அன்றுதான் கேட்டேன். குரல் மிக மெல்லியது. "நெசமாவா?" என்றார். "அப்ப நான் பொடவை எடுத்து வெக்கறேன்." அவ்வளவுதான். மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. பெயின்டர் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

மீதிக் காகித வேலை என்னுடையது, அது பெரிய கதை இல்லை. மில்லக்கா வந்தபோது பேருந்து நிலையம் திறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த குடும்ப அறையை அவர்களுக்கு ஒதுக்கியிருந்தோம். வந்த மறுநாளே அண்ணன் அவரைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். விமான நிலையத்தில் வாங்கிய சிம் கார்டு வேலை செய்யவில்லை என்பதால், அதைச் சரிசெய்து கொடுக்க நானும் போனேன்.

ஆட்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணன் தரையைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லக்கா கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கூடத்தின் மறுகோடி தூரத்தில் இருந்தது.

"ஏங்க, இதைத் தெனமும் யாரு தொடைக்கிறாங்க?"

"அதுக்கு மெஷின் இருக்கு."

"நல்லவேளை" என்றார். நாற்காலிகள் வரிசையாக இருந்தும், ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். சிம் கார்டைப் போட்டுப் போனைக் கொடுத்ததும் மகளுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, கையைத் தூக்கி, போனை மெல்லத் திருப்பிக் கூடம் முழுவதையும் காட்டினார்.

"உங்கப்பா ஒட்டினதுடி. இல்லடி, ஒரு பக்கம் இல்ல, பூராவும். அங்க தெரியுது பாரு, அந்தக் கோடி வரைக்கும்."

அண்ணன் பதறிப்போய்க் குனிந்தார். "அந்தப் பக்கம் காட்டாத. அது நான் ஒட்டல. அப்பக் கையக் கட்டிப் போட்டிருந்தாங்க, மத்தவனுங்க ஒட்டினது."

"சும்மா இருங்க. அவளுக்கென்ன தெரியவா போகுது?" என்று சொல்லிவிட்டு, மில்லக்கா போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். "ஆமாடி. எல்லாம் உங்கப்பாதான்."